சூடம் அணைக்காத சாட்சி

மலையடிவாரத்து மடத்தின் முன் பல்லக்கிலிருந்து இறங்கினார் திருவம்பலம். ஊருக்கு அவர் அரசரின் ஆலோசகர். தலை நரைத்த பிறகும் மடத்துத் தலைவரான அடிகளுக்கு அவர் சீடர்தான். எப்போதும் முகத்தில் ஒரு மிதப்போடு வருவார். அன்று அது இல்லை.

அவருக்குப் பின்னால் ஒரு மலைக்காரன் நடந்து வந்தான். பெயர் கெம்பன். பாறைகளில் தேன் எடுப்பவன். அவன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"சாமி, என் தம்பி சிறையில கிடக்கிறான்" என்றார் திருவம்பலம். "அரசாங்கக் களஞ்சியத்துக்குத் தீ வெச்சான்னு வழக்கு. நாளைக்குத் தீர்ப்பு. தலையே போயிடும்."

"வெச்சானா?"

"இல்லீங்க சாமி. தீப்பிடிச்ச நேரத்துல அவன் மலை மேல இருந்தான். இந்தக் கெம்பன் கண்ணால பார்த்திருக்கான்."

"அப்புறம் என்ன? வந்து சாட்சி சொல்லட்டும்."

திருவம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். காரணம் ஊருக்கே தெரியும். போன வருஷம் அவர்தான் அரசரிடம் சொல்லி ஒரு சட்டம் கொண்டுவந்தார். நீதி மண்டபத்தில் இந்த மடத்துச் சாமி சிலையை வைத்தார்கள். யார் சாட்சி சொல்ல வந்தாலும் அந்தச் சாமி முன்னால் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் சாட்சி செல்லாது. இனி நாட்டில் பொய்ச் சாட்சியே இருக்காது என்று இதே மடத்தில் நின்று பூரித்துப் போய்ச் சொன்னார். நல்ல மனசோடுதான் செய்தார், பாவம்.

"இவன் சூடம் அணைக்க மாட்டேங்கிறான் சாமி."

"ஏம்ப்பா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார் அடிகள்.

"சாமிக்கு ஏத்துன நெருப்பக் கையில அடிச்சு அணைக்கறது எங்களுக்கு ஆகாதுங்க. நாங்க மண்ணத் தொட்டுத்தான் சத்தியம் பண்ணுவோம். செத்துப்போன எங்க பெரியவங்க அதுலதானுங்க இருக்காங்க. உண்மையச் சொல்லத்தான் வந்தேன். ஆகாததச் செஞ்சுட்டு எப்படிங்க சொல்றது?"

"ஒரே ஒரு தடவைடா!"

அரசருக்கே யோசனை சொல்கிறவர், தேன்காரன் முன்னால் கைகூப்பி நின்றார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஆனாலும் கூடப்பிறந்தவன் உயிர் அல்லவா, சிரிக்க மனம் வரவில்லை.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்."

அடிகள் குனிந்து முற்றத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் திருவம்பலத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"என் தம்பிதான் தீ வெச்சான்னு சத்தியம் பண்ணு."

"அது பொய்யாச்சே சாமி!"

"வெறும் மண்ணுதானே. பண்ணு."

திருவம்பலம் கொஞ்சம் தயங்கினார். பிறகு சத்தியம் செய்துவிட்டுக் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார். வாசலில் கெம்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

அடிகள் ஒரு சூடத்தைக் கொளுத்தித் தட்டோடு நீட்டினார்.

"இப்ப இதை அணைச்சு அதையே சொல்லு."

கை பாதி தூரம் போய் அங்கேயே நின்றுவிட்டது. சூடம் தானாக எரிந்து முடிந்தது.

"முடியல சாமி."

"மண்ணுல முடிஞ்சுதே. அவன் காதைப் பொத்தினதைப் பார்த்தியா?"

"பார்த்தேன்." திருவம்பலம் வாசல் பக்கம் திரும்பிக் கெம்பனைப் பார்த்தார். "அப்ப மண்டபத்துல எந்தச் சாமியைத்தான் வெக்கறது?"

"சாட்சிக்கு வர்றவன் தன் சாமியைத் தானே கூட்டிக்கிட்டு வருவான். சாமி இல்லாதவன் தன் மனசைக் கொண்டு வருவான். நீதிபதியோட சாமி மட்டும் அவர் வீட்டுலயே இருக்கட்டும்."

திருவம்பலம் அவசரமாகக் கிளம்பினார்.

"இப்பவே போறேன் சாமி. கெம்பன் ஒருத்தனுக்கு மட்டும் மண்ணைத் தொட அரசர்கிட்ட அனுமதி வாங்கிடறேன். நான் கேட்டா மறுக்க மாட்டார்."

"நல்லது. உன் தம்பி பிழைச்சுக்குவான்."

அடிகள் பல்லக்கு வரை கூடவே நடந்து வந்தார்.

"இந்த ஒரு வருஷத்துல சூடம் அணைக்க மாட்டேன்னு திரும்பிப் போன சாட்சிங்க உண்டா?"

"உண்டு சாமி. நிறையப் பேர்."

"அவங்க யாருக்காகச் சொல்ல வந்தாங்களோ, அவங்கெல்லாம்?"

"உள்ள இருக்காங்க." திருவம்பலத்தின் குரல் இறங்கிவிட்டது.

அடிகள் அவர் தோளில் கை வைத்தார்.

"அவங்களுக்கும் அண்ணன் இருப்பான்ப்பா. அரசரைத் தெரிஞ்ச அண்ணன் இல்லை, அவ்வளவுதான்."