கேட்டலுக்கு ஆறு

ஞானதிரவியம் முப்பத்தொரு வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்தார். ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்தார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் ரஹ்மத் நிஷா. நாகர்கோவிலில், வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு பயிற்சி மையத்தில் வேலை பார்த்தார். புதிதாக வருகிறவர்களைச் சோதித்து, யாரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று சொல்பவர் அவர்தான். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் ஞானதிரவியம் வந்திருந்தார். சோதனை மூன்று பகுதி: கேட்டல், இலக்கணம், வாசிப்பு. ஒவ்வொன்றுக்கும் முப்பது மதிப்பெண். எதில் குறைகிறதோ அதை வைத்துத்தான் வகுப்பு.

முதல் நாளே ஞானதிரவியம் கேட்டார்.

“ஒருத்தருக்கு இங்கிலீஷ் தெரியுமா, தெரியாதான்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?”

ரஹ்மத் ஒரு கட்டு விடைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

“திருத்துங்க சார்.”

ஞானதிரவியம் திருத்தினார். இரண்டு வாரம் திருத்திக்கொண்டே இருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, வரவில்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை ஒரு பெண் சோதனைக்கு வந்தாள். வராந்தாவில் அவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

“சார், என்னைத் தெரியுதா? சகாய ஷீபா. ஆறாம் கிளாஸ்ல இருந்து பத்து வரைக்கும் உங்ககிட்டதான் படிச்சேன்.”

முகம் அவருக்கு நினைவில்லை. கையெழுத்தைக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனாலும் தலையாட்டினார்.

ஷீபா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு வருடமாக நர்ஸ். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஏப்ரலுக்குள் அவர்கள் கேட்கும் தேர்வை எழுதித் தேற வேண்டும். இங்கே மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டால் ஏப்ரலுக்குள் முடியும். அடிப்படையிலிருந்து தொடங்கும் முதல் வகுப்பு என்றால் முடியாது. பார்த்த வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

“கிடைச்சிரும் சார். இலக்கணம் நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே.”

ஞானதிரவியம் உள்ளே போய் ரஹ்மத்திடம் சொன்னார்.

“என் பழைய மாணவி மேடம். அவ தாளை நான் திருத்தலாமா?”

“விடைக்குறிப்பு இருக்கே. திருத்துங்க.”

அன்று மதியம் மூன்று தாளும் அவர் மேஜைக்கு வந்தன.

இலக்கணம் முப்பதுக்கு முப்பது. ஞானதிரவியம் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு அந்தத் தாளை மறுபடி ஒரு முறை பார்த்தார். ஒரு காற்புள்ளிகூடத் தப்பவில்லை.

வாசிப்பு இருபத்தொன்பது.

கேட்டல் ஆறு.

வரிசை மாறிவிட்டதோ என்று விடைக்குறிப்பைச் சரிபார்த்தார். மாறவில்லை. மறுபடி கூட்டினார். ஆறுதான். தாளில் பெயர் பார்த்தார். சகாய ஷீபா என்றே இருந்தது.

எழுந்து வராந்தாவுக்குப் போனார். ஷீபா முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானதிரவியம் மெதுவாக, மிக மெதுவாக, “ஷீபா” என்றார்.

சட்டென்று திரும்பினாள். “சார்?”

காதில் ஒன்றும் குறையில்லை.

“ஹெட்போன்ல சரியா கேட்டுச்சா?”

“நல்லா கேட்டுச்சு சார். ஆனா ஒண்ணும் புரியல. ஒரு ஆள் ‘வாட்ட யூ கனடூ’ன்னான். கன்னடம் மாதிரி இருந்துச்சு. அது என்னன்னு யோசிக்கதுக்குள்ள நாலு கேள்வி போயிட்டு.”

ஞானதிரவியம் உள்ளே வந்தார். அந்த ஒலிப்பதிவின் எழுத்துவடிவம் அவர் மேஜையிலேயே இருந்தது. ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ?’ நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும் ஒரு சின்ன வாக்கியம். ஆறாம் வகுப்பிலேயே அவளுக்குத் தெரியும். அதை எதிர்காலத்தில், இறந்தகாலத்தில், எதிர்மறையில், எப்படிக் கேட்டாலும் மாற்றி எழுதுவாள்.

தெரிந்த வாக்கியம் எப்படித் தெரியாமல் போகும்?

“மேடம், எனக்கு ஒண்ணும் புரியல,” என்றார்.

ரஹ்மத் மூன்று தாளையும் பார்த்தார்.

“என்ன புரியல சார்?”

“இது ஒரே ஆளோட தாள்தானா? இலக்கணத்தைப் பார்த்தா, இவ நமக்கே பாடம் எடுக்கலாம். கேட்டலைப் பார்த்தா, ஒண்ணாம் வகுப்பு. இவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா, தெரியாதா?”

ரஹ்மத் அலமாரியைத் திறந்து வேறு ஒரு தாளை எடுத்தார். இதுவரை யாருக்கும் கொடுக்காத புதிய கேட்டல் தாள். ஹெட்போனையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“எழுதுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

“சரி மேடம். எழுத்துவடிவத்தைக் கொடுங்க.”

“அது கிடையாது சார். ஷீபாவுக்கும் கொடுக்கல.”

இரண்டு வாரமாக அவர் எத்தனையோ ஒலிப்பதிவுகளைக் கேட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் எழுத்துவடிவத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டிருந்தார். எல்லாம் மிகச் சுலபமாக இருந்ததாக நினைத்திருந்தார்.

ஹெட்போனை மாட்டினார். ஒரு மருத்துவமனை வார்டு. ஒரு பெண் போனில் யாரிடமோ பேசினாள். நடுவில் ஒரு கிழவர் குறுக்கிட்டார். யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒலிப்பதிவு முடிந்துவிட்டது.

அவருடைய தாளை ரஹ்மத்தே திருத்தினார். பதிமூன்று.

ஞானதிரவியத்தின் காது மடல்கள் சூடேறின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார்.

“ரெக்கார்டிங் சரியில்ல மேடம்.”

“சரி.”

“பேசுறவங்க பாதி வார்த்தையை முழுங்கிடுறாங்க.”

“ஆமா.”

“இலக்கணமே இல்லாம பேசுறாங்க. ஒருத்தர் வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கவே இல்ல.”

“ஆமா சார்.”

எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படி வாதாடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஒன்று தோன்றியது.

“மேடம், ஒரு அனுமதி வேணும். இந்தப் புதுத்தாளை ஷீபாகிட்ட கொடுங்க. ரெக்கார்டிங் வேண்டாம். எழுத்துவடிவத்தை நானே வாசிக்கிறேன். அப்புறம் பாப்போம்.”

மறுப்பார் என்று எதிர்பார்த்தார். ரஹ்மத் எழுந்து ஷீபாவைக் கூப்பிட்டார். எழுத்துவடிவத்தை ஞானதிரவியத்தின் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஞானதிரவியம் எழுந்து நின்றார். தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையையும் தனியாக எடுத்து வைத்தார். காற்புள்ளியில் கொஞ்சம் நின்றார், முற்றுப்புள்ளியில் இன்னும் கொஞ்சம் நின்றார். கிழவர் பேசுவதையும் பெண் பேசுவதையும் ஒரே குரலில் வாசித்தார்.

ஷீபா தலையைக் குனிந்தபடி எழுதினாள். அவள் பேனா எங்கும் நிற்கவில்லை.

இருபத்தாறு.

“பாத்தீங்களா!” என்றார் ஞானதிரவியம். “ஷீபா, எப்படி இருந்துச்சு?”

“நல்லா புரிஞ்சுது சார். நான் இங்கிலீஷ்ல எதைப் படிச்சாலும் உங்க குரல்லதான் சார் மனசுக்குள்ள கேக்கும். காலேஜ் நோட்ஸ் படிச்சப்பவும் அப்படித்தான்.”

அவர் அவள் தலையில் கை வைக்கப் போனார். பிறகு, அவள் பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டார்.

ஷீபா வெளியே போனதும் மேஜைக்கு வந்தார். மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து வைத்தார்.

“இப்ப சொல்லுங்க மேடம். இவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்ப கேட்டலுக்கு இருபத்தாறு போடட்டுமா?”

“போடலாம். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. அங்க வார்டுல ஒரு வயசானவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இவங்ககிட்ட என்னமோ சொல்றார்னு வைங்க. உடனே அதை நீங்க ஒருதடவை நிறுத்தி நிதானமா வாசிச்சுக் காட்டணும். அங்க இருப்பீங்களா?”

ஞானதிரவியம் எழுத எடுத்த பேனாவை மேஜையில் வைத்தார்.

வெளியே பேருந்து ஒன்று நெடுநேரம் ஹாரன் அடித்தது. அவர் பதிவேட்டைப் பார்த்தார், ஷீபாவின் மூன்று தாளையும் பார்த்தார். இருபத்தாறு பொய்யில்லை, அவர் கண்ணெதிரே எழுதியது. ஆறும் பொய்யில்லை. இரண்டில் எது ஷீபா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதாக ஒரு பதிமூன்றும் இருந்தது. அதைப் பற்றி நினைக்க அவர் விரும்பவில்லை.

கடைசியில் கேட்டலுக்கு நேராக ஆறு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

ஷீபா அழவில்லை. முதல் வகுப்புதான் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கழற்றிய செருப்பைத் தேடினாள். ஏப்ரல் கையைவிட்டுப் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வருடம் அந்த மருத்துவமனை மறுபடி ஆள் எடுக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

“முதல் வகுப்பு எப்ப சார் தொடங்குது?”

“திங்கக்கிழமை.”

“வாரேன் சார்.” செருப்பை மாட்டியவள் ஒரு நிமிடம் நின்றாள். “சார், எங்கிட்ட எங்க தப்பு நடந்துச்சு? நீங்க சொன்னது எல்லாத்தையும் நான் படிச்சேனே.”

ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதை மாட்டும்வரை காத்திருந்துவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்க தப்பு நடந்துச்சுன்னு கேக்கா மேடம். என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

“தமிழ்ல கேட்டாங்களா, இங்கிலீஷ்லயா?”

“தமிழ்லதான்.”

“உங்ககிட்ட அஞ்சு வருஷம் படிச்சிருக்காங்க. அந்த அஞ்சு வருஷத்துல ஒரு கேள்வியாவது இங்கிலீஷ்ல கேட்டிருக்காங்களா சார்?”

ஞானதிரவியம் யோசித்தார். ஐந்து வருடத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். வருகைப் பதிவின்போது எழுந்து ‘பிரசன்ட் சார்’ சொல்லியிருப்பாள். புரிந்ததா என்று அவர் கேட்டபோது எல்லோருடனும் சேர்ந்து ‘எஸ் சார்’ சொல்லியிருப்பாள். அவர் வாசித்திருக்கிறார், அவள் எழுதியிருக்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. அவள் குரல் அந்த வயதில் எப்படி இருந்தது என்றுகூட அவருக்கு நினைவில்லை.

ரஹ்மத் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

“திங்கக்கிழமை நீங்களும் முதல் வகுப்புக்குப் போங்க சார்.”

“பாடம் நடத்தவா மேடம்?”

“இல்ல சார். கேக்க.”