கோட்டும் கோட்டும்

கலெக்டர் துரை விருந்துக்கு வருகிறார் என்றதும் ஜமீன் மாளிகையில் சமையல்காரனுக்குக் கறிக் கவலை. திவான் குற்றாலிங்கத்துக்கோ இங்கிலீஷ் கவலை. பட்டணத்தில் ஆறு மாசம் இருந்து பிடித்துவந்த இங்கிலீஷ் அது. தினமும் காலையில் கிளிக்கூண்டு தொங்கும் தாழ்வாரத்தில் உலாத்திக்கொண்டே அதைச் சத்தம்போட்டுப் பழகுவார்.

ஒருநாள் திவான், ஜமீன்தாரின் கண்முன்னாலேயே வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்தினார்.

"இங்கிலீஷில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம், மேலே மாட்டுகிற உடுப்பு. இன்னொன்றுக்கு ஆடு. நான் சொல்வது எது என்று தெரியாதவன் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்!"

முதலில் நின்றவன் கிளியைப் பார்த்துக்கொள்ளும் மாசானம்.

"கோட்டு" என்றார் திவான். "இது எது?"

மாசானம் காதைச் சாய்த்தான். "இன்னொண்ணையும் சொல்லுங்க எசமான்."

"கோட்டு."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம், எசமான். முதல்ல நீங்க ஒரு தடவை கண்டுபிடிச்சுக் காட்டுங்க, பார்த்துக் கத்துக்கிறேன்" என்று கிளிக்கூண்டைத் தூக்கிவந்து வைத்து, ஒரு கொய்யாத் துண்டை நீட்டினான்.

"கோட்டு" என்றது கிளி.

ஜமீன்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திவான், இது எது?"

"ஆடு, மகாராஜா."

"கோட்டு" என்றது கிளி மறுபடியும்.

"இது உடுப்பு... இல்லை, இதுதான் ஆடு..." திவானுக்கு வேர்த்துக் கொட்டியது. "இந்தச் சனியனுக்கு உச்சரிப்பே சரியில்லை, மகாராஜா! எந்த மடையனிடம் படித்ததோ!"

மாசானம் பவ்வியமாகக் கைகட்டிக்கொண்டான்.

"தினமும் காலையில தாழ்வாரத்துல எசமான்கிட்டதான் படிக்குது, மகாராஜா."