கூரைக்கு மேலிருந்து எடுத்த கல்யாணம்

ட்ரோன் என்பது பறக்கும் கேமரா என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தவறான கருத்தை முதலில் களைந்துவிட வேண்டும். ட்ரோன் என்பது அடிப்படையில் ஒரு கையேடு. பெட்டியில் இடம் மிச்சமிருக்கிறதே என்று, நாலு விசிறி வைத்த சின்ன யந்திரம் ஒன்றையும் கூடப் போட்டு அனுப்புகிறார்கள். மேட்டுக்கடவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சென்னியப்பனுக்கு மட்டும் இந்த உண்மை பெட்டியைப் பிரித்தவுடனே விளங்கிவிட்டது.

அவன் ட்ரோன் வாங்கியது மேகலைக்காக. அவளுடைய அப்பா அவிநாசியப்பன் அவனுக்குத் தூரத்து மாமா முறை. பெண் கேட்டுப் போனபோது அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "மொதல்ல மூத்தவ கல்யாணத்தை மேலேருந்து படம் புடிச்சுக் காட்டு மாப்ள. நல்லா வந்துதுன்னா சின்னவளைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லியிருந்தார்.

சென்னியப்பன் கையேட்டை மனப்பாடம் செய்தான். ஸ்டூடியோவில் அவனுக்கு உதவியாக இருந்த நாச்சிமுத்துவுக்கும் பொங்கியண்ணனுக்கும் வாய்விட்டுப் படித்தும் காட்டினான்.

"ட்ரோன் எப்போதும் உங்கள் கண்பார்வையில் இருக்க வேண்டும்" என்று அதில் இருந்தது. அந்த வேலை நாச்சிமுத்துவிடம் ஒப்படைக்கப்பட்டது. பெட்டியை மூடினால் எப்படிப் பார்ப்பது? ஆகவே பெட்டி மூடப்படவில்லை. கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகும்போதும் அவன் திறந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் பார்த்தபடியே வந்தான். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கும் பெட்டியைப் பார்த்தே பதில் சொன்னான்.

மண்டப வாசலில் சனம் நிறைந்திருந்தது. ட்ரோனைத் தரையில் வைத்ததும் பொங்கியண்ணன் கையேட்டின் அடுத்த விதியை நினைவூட்டினான்.

"அண்ணா, ஆளுங்க தலைக்கு மேல பறக்க விடக்கூடாதுன்னு போட்டிருக்குதே."

சென்னியப்பன் கையேட்டைப் புரட்டிச் சரிபார்த்தான். ஆள் இல்லாமல் கல்யாணம் ஏது? கல்யாணத்தை எடுக்காமல் மேகலை ஏது?

"எல்லாரும் தலைமேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டா?" என்றான் நாச்சிமுத்து, ட்ரோனைப் பார்த்தபடியே. "அப்பத் தலைக்கு மேல துண்டுதானே இருக்குது? ட்ரோன் துண்டுக்கு மேலதான பறக்கும்?"

"நாயம்தான்" என்றான் சென்னியப்பன். "ஆனா துண்டு நழுவிப்போச்சுன்னா? எல்லாருக்கும் சேர்த்து ஒரே துண்டா, நழுவாததா இருக்கோணும்."

மூவரும் யோசித்தார்கள். சென்னியப்பனும் பொங்கியண்ணனும் நிமிர்ந்து மண்டபத்தின் ஓட்டுக் கூரையைப் பார்த்தார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அவிநாசியப்பனே முன்நின்று சனத்தை உள்ளே அனுப்பினார். "போட்டோக்காரங்க சொல்றாங்கல்ல, ஒருத்தரும் வெளியில நிக்கப்படாது! நாயனக்காரரே, நீங்களுந்தான்!" கதவு சாத்தப்பட்டது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்த தலைகளைப் பொங்கியண்ணன் மரியாதையாக உள்ளே தள்ளினான். ட்ரோன் எழும்பியது. உள்ளே மேளம் கொட்டியது. தாலி கட்டும் நேரத்தில் சென்னியப்பன் ட்ரோனை மணமேடைக்கு நேர் மேலே கொண்டுபோய், அசையாமல் நிறுத்தினான்.

பந்திக்கு இலை போடும் சமயம் அவனுடைய போனில் ஒரு செய்தி வந்தது: "பேட்டரி குறைவு. உடனே வீடு திரும்பவும்."

"சாப்பிட்டுட்டுப் போலாமே அண்ணா" என்றான் பொங்கியண்ணன். பாயச வாசம் வேறு வந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டுட்டுன்னு போடலையேடா. உடனேன்னுதான் போட்டிருக்குது."

மூவரும் அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். நாச்சிமுத்து மட்டும் கடைசி சீட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிந்தவரை ட்ரோனைப் பார்த்துக்கொண்டே வந்தான். அது தன்பாட்டுக்கு மண்டப வாசலில் இறங்கி உட்கார்ந்திருந்தது.

மறுநாள் அவிநாசியப்பன் அதைத் தாம்பூலப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். பெரிய டிவியில் படம் ஓடியது. முழுக்க ஓடு. ஒரு மூலையில் சமையல்கட்டு மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. ஒரு காக்கை வந்தது, போனது.

அவிநாசியப்பன் முன்னால் குனிந்தார். "பொண்ணு மாப்பிள்ளை எங்க?"

சென்னியப்பன் எழுந்து டிவி அருகே போனான். விரலை நீட்டினான். "இந்தா, இந்த ஒடஞ்ச ஓட்டுக்கு நேர் கீழ மாமா. தாலி கட்டறாங்க."

மேகலை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவிநாசியப்பன் கண்ணைத் துடைத்தார்.

"அப்பொ அதுக்கு எடதுபக்கம் நானு!" என்றார்.

"நான் தூணோரம். அந்தப் பாசி புடிச்ச எடத்துக்குக் கீழ" என்றார் மேகலையின் சித்தப்பா. ஆளாளுக்கு டிவியைத் தொட்டுத் தங்களைக் கண்டுபிடித்தார்கள். மேகலையின் பெரியம்மா ஒருத்திக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. அவள் அன்றைக்கு முழுக்கச் சமையல்கட்டில் இருந்தவள்.

"எல்லாரும் படத்துல விழுந்திருக்கீங்க. என்னை மட்டும் தொட்டி மறைச்சுப்போட்டுது" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"அடுத்த கல்யாணத்துல செரி பண்ணிப்போடலாமுங்க பெரியம்மா" என்றான் சென்னியப்பன்.

"அடுத்தது உன்னோடதுதான் மாப்ள" என்றார் அவிநாசியப்பன்.

தை மாதம் அதே மண்டபத்தில் சென்னியப்பனுக்கும் மேகலைக்கும் கல்யாணம் நடந்தது. வாழைமரம், மாவிலைத் தோரணம், சீரியல் லைட் எல்லாவற்றையும் கூரைமேல் கட்டியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி இறக்கி வைத்திருந்தார்கள். சாப்பிட்டவர்கள் எச்சில் கையோடு ஊருக்குப் போனார்கள்.