விதைக்கு விடாத பூ

பகலிலும் வெயில் தரையைத் தொடாத ஒரு காட்டில் சருகுமான் ஒன்று இருந்தது, குழந்தைகளே. முயலைவிடச் சற்றே பெரிய உடம்பு, குச்சி குச்சியான கால்கள், விலாவில் வெள்ளைப் புள்ளிகள். பக்கத்தில் சருகு நகர்ந்தாலே திடுக்கிடும். யாராவது குரலை உயர்த்தினால் தலையைக் குனிந்துகொள்ளும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விலங்கு ஒன்று இறந்தால், அதன் உடலைச் சருகால் மூடி, மேலே ஒரு பூவை வைக்க வேண்டும். அந்தப் பூ வாடுவதற்குள் உறவினர் வந்து பார்த்துவிட வேண்டும். பூ வாடிவிட்டால் விடைகொடுத்தாயிற்று என்று பொருள். அதன்பிறகு அங்கே நின்று யாரும் அழக்கூடாது.

ஒரு மழைக்காலத்தில் பெரும் காற்று அடித்தது. முறிந்து விழுந்த மரத்தின் அடியில் சிக்கிச் சருகுமானின் துணை இறந்துபோயிற்று. சருகுமான் மலைச்சரிவில் பூத்திருந்த ஊதாப்பூ ஒன்றைக் கடித்து எடுத்துவந்து வைத்தது.

துணையின் அண்ணன் மலைக்கு அப்பால் இருந்தது. செய்தி கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்தது. அதற்குள் பூவின் தலை தொங்கிவிட்டது.

"பூ வாடிவிட்டதே! நான் இப்போது அழலாமா, கூடாதா?" என்று அது கேட்டது.

சுற்றி நின்ற விலங்குகள் வாடிய பூவையே பார்த்தன. கண்ணீரை விழுங்கிக்கொண்டு அண்ணன் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அதன் முதுகு மலையேறி மறைந்ததைச் சருகுமானால் மறக்க முடியவில்லை. "பறித்த பிறகும் வாடாமல் நிற்கும் பூ இந்தக் காட்டில் இல்லை. இல்லாவிட்டால் என்ன? நான் உண்டாக்குவேன்" என்று தன் நண்பனாகிய தேன்சிட்டிடம் சொன்னது.

தேன்சிட்டு எதையும் மறைத்துப் பேசத் தெரியாத பறவை. "உண்டாக்கலாம், அக்கா. ஆனால் எளிதல்ல. சரிவில் இருக்கும் ஊதாப்பூ அழகு. பறித்தால் உச்சிவேளைக்குள் சாய்ந்துவிடும். கீழே சதுப்பில் அதே இனத்தில் வெள்ளைப்பூ ஒன்று இருக்கிறது. நீளமான காம்பு. பறித்துப் போட்டாலும் பல நாள் அப்படியே இருக்கும். ஆனால் சாம்பல்போல வெளுத்த நிறம். அதனால் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இறந்தவர்மேல் வைப்பதுமில்லை" என்றது.

"இரண்டையும் சேர்த்தால்?"

"ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றொன்றில் வைக்க வேண்டும். என் அலகு வேறு எதற்கு இருக்கிறது?"

அப்படியே செய்தார்கள். அந்தச் செடி மழைக்கு முளைத்து, ஒற்றைத் தண்டில் ஒரே ஒரு பூ பூத்து, விதை சிந்திவிட்டுக் காய்ந்துபோகும் செடி. எனவே ஆண்டுக்கு ஒரு முறைதான் முயன்று பார்க்க முடியும். முதல் மழைக்கு முளைத்தவை எல்லாம் மங்கலாகப் பூத்தன. சருகுமான் சோர்ந்துபோயிற்று. ஆனால் அவற்றின் விதையை அடுத்த மழைக்கு விதைத்தபோது ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்று ஊதா, ஒன்று வெள்ளை, ஒன்று இரண்டும் கலந்த கோடு.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. எந்தப் பூ வாடாது என்று தெரிய வேண்டுமானால் வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டிவிட்டால் அந்தச் செடியில் விதை இல்லை. விதைக்கு விட்டாலோ, அந்தப் பூ வாடுமா வாடாதா என்று தெரியாது.

சருகுமான் இதைப் பற்றி வெகுநாள் யோசித்தது. பிறகு ஒரு காயில் கிடைத்த விதைகளை எல்லாம் ஒரே வரிசையாக விதைத்தது. ஒரு வரிசையில் இருப்பவை உடன்பிறப்புகள் அல்லவா? அவற்றில் பாதியை வெட்டி மூங்கில் குழாயில் தண்ணீர் ஊற்றி நிறுத்தியது. மறுபாதியை விதைக்கு விட்டது. வெட்டிய பூக்கள் எந்த வரிசையில் வாடாமல் நின்றனவோ, அந்த வரிசையின் விதையை மட்டும் எடுத்து வைத்தது.

"பாதி வெட்டு, பாதி விடு. இதை மறக்காதே, அக்கா" என்றது தேன்சிட்டு.

மழைகள் பல வந்து போயின. சருகுமானின் முகத்து மயிர் நரைத்தது. கடைசியில் ஒரு வரிசை பூத்தது. நல்ல அடர்ந்த ஊதா. நிமிர்ந்த நீளக் காம்பு. மூங்கில் குழாயில் வைத்த பூக்கள் வளர்பிறையில் வைத்தபடியே தேய்பிறையிலும் நின்றன.

சருகுமான் ஒரு பூவை எடுத்துப் போய், துணை கிடந்த இடத்தில் வைத்தது. மலைக்கு அப்பால் செய்தி அனுப்பியது. அண்ணன் இப்போது கிழமாகியிருந்தது. ஓட முடியாமல், நின்று நின்று நடந்து வந்து சேர்ந்தது. பூ வாடாமல் இருந்தது.

"இப்போது அழலாம்" என்றது சருகுமான்.

அண்ணன் வெகுநேரம் அழுதது.

அந்தப் பூவைக் காட்டிலுள்ள விலங்குகள் எல்லாம் பார்த்தன. அங்கிருந்துதான் கேடு தொடங்கியது.

முதலில் மயில் வந்தது. "சருகுமான் அக்கா! நான் ஆடும் இடத்தைச் சுற்றி இந்தப் பூவை நட்டுவைத்தால் எப்படி இருக்கும்! ஒரு பத்துப் பூ கொடு" என்றது. சருகுமான் வெட்டிவைத்த பாதியிலிருந்து கொடுத்தது. பிறகு கரடி, மகன் கல்யாணம் என்று வந்தது. மந்திகள் வந்தன. காட்டெருமை வந்தது. ஒவ்வொன்றும் பூவை வாங்கிக்கொண்டு, "உன்னைப்போல் ஒரு விலங்கு இந்தக் காட்டில் பிறந்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அதைக் கேட்கும்போது சருகுமானின் காதுகள் தாமாகவே நிமிர்ந்துகொண்டன.

அடுத்த மழைக்குக் கூட்டம் இன்னும் பெருகியது. வெட்டிய பாதி சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.

"தீர்ந்ததா? அதோ, அந்தப் பக்கம் இத்தனை நிற்கிறதே!" என்றது மயில்.

"அது விதைக்கு விட்டது."

"அத்தனையுமா? ஒன்றிரண்டு குறைந்தால் குடி முழுகிவிடுமா?"

சருகுமான் தலையைக் குனிந்துகொண்டது. பிறகு எழுந்துபோய் வெட்டிக் கொடுத்தது.

"அது இருக்கட்டும், இவ்வளவு அழகான பூவை எதிலிருந்து உண்டாக்கினாய்?" என்று மயில் கேட்டது.

"கீழே சதுப்பில் வெள்ளைப்பூ இருக்கிறதே, அதுதான் இதற்குத் தாய்" என்று சருகுமான் அதையும் சொல்லிவிட்டது.

தேன்சிட்டுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீ கவனிக்கிறாயா? வருகிறவர்கள் நெட்டையாக, நிமிர்ந்ததாகப் பார்த்துக் கேட்கிறார்கள். குட்டையும் நோஞ்சானுமாக யாருக்கும் வேண்டாததுதான் விதைக்கு மிஞ்சுகிறது. அடுத்த மழைக்கு எது முளைக்கும் என்று நினைக்கிறாய்?"

"கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, தம்பி."

"மனம் வரவில்லையா? அவர்கள் புகழ்வதைக் கேட்காமல் இருக்க முடியவில்லையா?"

தேன்சிட்டு சொன்னது உண்மை என்று சருகுமானுக்குத் தெரியும்.

சொன்னபடியே நடந்தது. அடுத்த மழைக்கு முளைத்தவற்றில் பெரும்பாலானவை கூனிக் குறுகி நின்றன. பழைய அழகும் பழைய உறுதியும் ஒரே ஒரு செடியில்தான் இருந்தன. சருகுமான் பயந்துபோயிற்று. முள்ளை இழுத்துவந்து அந்தச் செடியைச் சுற்றி வேலி போட்டது. வேலியருகிலேயே படுத்துக்கொண்டது. அந்தச் செடி பூத்தது. கேட்டு வந்தவர்களிடம், "இது மட்டும் இல்லை, இது விதைக்கு" என்று முதல் தடவையாகச் சொல்லிப் பார்த்தது. வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்கள். தேன்சிட்டு மகிழ்ந்துபோய் வேலியின்மேல் உட்கார்ந்து பாடியது.

ஒரு காலையில் தேன்சிட்டு இரை தேடப் போயிருந்தபோது நரி வந்தது.

"காடே கொண்டாடும் சருகுமான் அம்மாவின் இருப்பிடம் இதுதானே? தாயே, வணக்கம்!"

"வாருங்கள், நரியாரே" என்றது சருகுமான்.

"நான் எனக்காக வரவில்லை. புலியரசர் உங்கள் பூவைப் பார்க்க வேண்டுமாம். அதோ நிற்கிறதே, அதுதான் என்று நினைக்கிறேன்."

"நரியாரே, அது ஒன்றுதான் விதைக்கு நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் காய் முற்றிவிடும். அடுத்த மழைக்கு அரசருக்கு எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன்."

நரி பெருமூச்சு விட்டது. "அப்படியே போய்ச் சொல்கிறேன். 'அரசே, சருகுமானுக்கு உம்மைவிட விதை பெரிதாம்' என்று. மற்றதை அரசர் நேரில் வந்து உங்களிடம் கேட்டுக்கொள்வார்."

சருகுமான் பின்வாங்கி வேலியோடு ஒட்டிக்கொண்டது.

நரி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "ஏன் பயப்படுகிறீர்கள்? செடியையா கேட்டேன்? மேலே இருக்கும் பூவைத்தானே! வேர் இங்கேயே இருக்கிறது, இலை இங்கேயே இருக்கிறது. மறுபடி பூக்காதா? அரசவையில் எல்லோர் முன்னாலும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கொடுப்பேன்."

அந்தச் செடி மறுபடி பூக்காது. ஒரு முறை பூத்தால் அதோடு அதன் வாழ்வு முடிந்தது. இது சருகுமானைவிட யாருக்குத் தெரியும்? 'பூக்காது' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புலியின் பற்களையும் நினைத்தது. அரசவையில் தன் பெயர் ஒலிப்பதையும் நினைத்தது. முள்ளை விலக்கி உள்ளே போய், காம்பைக் கடித்தது.

நரி பூவை வாயில் கவ்விக்கொண்டு புலியின் குகைக்கு ஓடியது.

"அரசே! உமக்காகக் காடெல்லாம் அலைந்து நான் தேடிக் கொண்டுவந்த அபூர்வமான பூ!"

புலி முகர்ந்து பார்த்தது. "இதைத் தின்னலாமா?"

"இல்லை அரசே, பார்க்கலாம்."

"பூ வேண்டும் என்று நான் உன்னைக் கேட்டேனா?" என்று சொல்லிவிட்டுப் புலி எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிற்று. போகிற வழியில் அதன் முன்கால் பூவின்மேல் பட்டது. பூ மண்ணோடு மண்ணாக அழுந்தியது.

இரை தேடிக் குகைப்பக்கம் வந்து மரக்கிளையில் இருந்த தேன்சிட்டு இதையெல்லாம் பார்த்தது. பறந்துவந்தபோது வேலி திறந்து கிடந்தது. நடுவில் மொட்டைத் தண்டு நின்றது.

"அரசர் அந்தப் பூவைக் கேட்கவே இல்லை, அக்கா. உன் பெயரும் அங்கே யார் வாயிலும் வரவில்லை" என்றது.

அடுத்த மழை வந்தது. கையிருப்பில் இருந்த கடைசி விதைகளை, கூனிய செடிகள் தந்தவற்றை, சருகுமான் விதைத்தது. எல்லாம் குட்டை, எல்லாம் மங்கல். வெட்டி மூங்கில் குழாயில் வைத்ததும் தலை சாய்த்துக்கொண்டன.

விலங்குகள் கோபத்தோடு வந்தன.

"நல்ல பூவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று கத்தியது மயில்.

"என் இரண்டாவது மகனுக்குக் கல்யாணம். எனக்கு மட்டும் இந்தச் சொத்தைப் பூவா?" என்று உறுமியது கரடி.

"வேறு இல்லை. எல்லாம் உங்களுக்குத்தானே கொடுத்தேன்" என்றது சருகுமான். அதை யாரும் நம்பவில்லை. பாத்தியெல்லாம் மிதித்துத் தேடிவிட்டு, அதைத் திட்டிக்கொண்டே போய்விட்டன. அதன்பின் அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

தேன்சிட்டு மட்டும் வந்தது. "போகட்டும், அக்கா. மறுபடி தொடங்கலாம். சரிவில் ஊதாப்பூ இருக்கிறது. சதுப்பில் வெள்ளைப்பூ இருக்கிறது. என் அலகும் இருக்கிறது."

"எனக்கு வயதாகிவிட்டதே, தம்பி."

"ஒரு வரிசை பார்க்கும் வரையாவது இருப்பாய். வா."

இருவரும் சதுப்புக்குப் போனார்கள். அங்கே வெள்ளைப்பூவைக் காணவில்லை. எங்கு பார்த்தாலும் குழி. குழியெல்லாம் சேற்றுத் தண்ணீர். கல்லின்மேல் தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இங்கே இருந்த வெள்ளைச் செடிகள் எங்கே?" என்று சருகுமான் கேட்டது.

"கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அம்மா. மயில் வந்தது, கரடி வந்தது, மந்திகள் வந்தன. வாடாப்பூவுக்குத் தாய் இதுதானாம். கொண்டுபோய் நட்டால் ஊதாவாகப் பூக்குமாம். மொட்டு விடுமுன்பே வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லையாம். இங்கே மிஞ்சியதைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றன."

"அது இங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?"

தவளை சருகுமானை உற்றுப் பார்த்தது. "நீங்கள்தான் சொன்னீர்களாமே, அம்மா. உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் பிடுங்கினார்கள்" என்றது.

தேன்சிட்டு சதுப்பின்மேல் ஒரு சுற்றுப் பறந்து பார்த்தது. பிறகு இன்னொரு சுற்று. வெள்ளையாக எதுவும் தென்படவில்லை.

"வா அக்கா, போகலாம். மழை வரப்போகிறது" என்றது.

சருகுமான் கேட்கவில்லை. சேற்றில் இறங்கி, ஒவ்வொரு குழியாக முகத்தைத் தாழ்த்தி முகர்ந்துகொண்டே போயிற்று. மழை வலுத்தது. அது நிற்கவில்லை.

நீதி: விதைக்கு விட்டதையும் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பவர், கடைசியில் கொடுக்க ஒன்றுமில்லாதவர் ஆவார்.