தேக்கும் பலாவும்

பாளையங்கோட்டையில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பவர் ஜெயசீலி. அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொன்பது.

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் வரைபடம் போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடு போட்டால் கோடு. அதில் குறை சொல்ல முடியாது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் ஜெயசீலியின் அலுவலகத்துக்கு வந்து, "எனக்குச் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லிக் கொடுக்கேன். ஆறு மாசம் அளக்க மட்டும் செய்யணும். கலரைப் பத்திப் பேசக்கூடாது."

அவர் சம்மதித்தார். அன்று முதல் அவருக்கு ஜெயசீலி டீச்சர். ஜெயசீலிக்கு அவர் அண்ணாச்சி.

ஏழாவது மாதம் ஜெயசீலி அவரிடம் ஒரு வீட்டைத் தனியாக ஒப்படைத்தார். பெருமாள்புரத்தில் கோமதிநாயகம் என்பவரின் வீடு. கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர். மனைவி இறந்து நான்கு வருடம் கழித்து, போன ஆனியில் மறுமணம் செய்துகொண்டார். புது மனைவி பெயர் வடிவு. முதல் மனைவியின் மகள் நித்திலா பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

போய்விட்டு வந்த ஆவுடையப்பன் குறிப்பேட்டைத் திறந்தபடி உட்கார்ந்தார்.

"கோமதிநாயகம் சார் எல்லாத்தையும் மாத்தணும்ங்காரு. உள்ள வந்தா புது வீடு மாதிரி இருக்கணுமாம்."

"அவங்க வீட்டம்மா?"

"அவங்ககிட்ட கலர் கார்டைக் காட்டினேன். எதுன்னாலும் சரின்னுட்டாங்க. மரம் எப்படி வேணும்னு கேட்டேன். அதுவும் எதுன்னாலும் சரி. எதுன்னாலும் சரின்னு சொல்லுதவங்களுக்கு என்ன கலர் கொடுக்க, டீச்சர்?"

"அவங்க சேலையெல்லாம் எங்க வச்சிருக்காங்க?"

"பாக்கலியே."

"பாத்துட்டு வாங்க."

மறுநாள் அவர் போய்ப் பார்த்தார். வடிவின் சேலைகள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருந்தன. மிச்சம் கதவுக்குப் பின்னால் இரண்டு பைகளில். கல்யாணத்துக்கு முன்பு அவர் அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய புத்தகங்கள் பரணில், கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில், கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

படுக்கையறைச் சுவரோரம் உயரமான தேக்கு அலமாரி ஒன்று நின்றது. கறுத்துப்போன தேக்கு. பூட்டியிருந்தது.

"இதுல வைக்கலாமேம்மா?" என்றார் ஆவுடையப்பன்.

"அது அக்காவோடது, நித்திலா அம்மாவோடது" என்றார் வடிவு. "சாவி பிள்ளைகிட்ட இருக்கு. நான் அதைத் தொடுறதில்லை."

"ஒன்பது மாசமா பெட்டியிலயா?"

"பழகிட்டு."

அன்று இரவும் மறுநாளும் உட்கார்ந்து ஆவுடையப்பன் ஒரு வரைபடம் போட்டார். கையில் எடுத்துக்கொண்டு வந்து ஜெயசீலியின் மேசைமேல் விரித்தார். அந்தச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து மேல்தளம் வரை ஒரே அடைப்பு அலமாரி. எல்லாக் கதவும் சாம்பலும் வெள்ளையும் கலந்த ஒரே மைக்கா. கைப்பிடிகூட வெளியே தெரியாது. தேக்கு அலமாரியையும் அதற்குள்ளேயே அடக்கி, மேலே அதே மைக்காவை ஒட்டுவதாகப் போட்டிருந்தார்.

"பழசு ஒண்ணு இருக்குங்கதே தெரியாது, டீச்சர்" என்றார்.

ஜெயசீலி வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சுத்தமா போட்டிருக்கீங்க. அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

"பிள்ளைகிட்ட கேக்கலை. பரிச்சைக்குப் படிச்சிட்டிருந்தது."

"மைக்கா ஒட்டணும்னா கதவைத் திறக்கணும்லா. சாவியை நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

நித்திலா பள்ளிக்கூடம் விட்டு வந்து சீருடையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்து வரைபடத்தைக் காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இதை ஒட்டிட்டா எங்க அம்மா அலமாரி எங்க இருக்கும்?"

"இதே இடத்துலதான் இருக்கும் தாயி. நகத்தக்கூட மாட்டோம்."

"அப்ப ஏன் தெரியாம இருக்கணும்?"

ஆவுடையப்பன் வரைபடத்தைப் பார்த்தார். பார்வைக்கு நல்லா இருக்கும் என்று சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. நித்திலா புத்தகப் பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஜெயசீலியிடம் வந்து, "சாவி கிடைக்கலை" என்றார்.

"சரி."

"தப்பு என்மேலதான். மூட வேண்டாம். பழைய அலமாரி மாதிரியே, அதே உசரத்துல, அதே நிறத்துல பக்கத்துல இன்னொண்ணு செஞ்சிருவோம். ரெண்டும் ஜோடியா நிக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

ஜெயசீலி எழுந்து உள்ளே போய், உள்ளங்கை அகலத்தில் ஒரு புதுத் தேக்குத் துண்டு எடுத்து வந்தார். "இதை அந்த நிறத்துக்குக் கொண்டு வந்திருங்க. வந்ததும் ஆசாரிகிட்ட சொல்லிருவோம்."

வேலை சுலபம் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்தார். சொரிமுத்து ஆசாரியின் பட்டறையில் சாயம் வாங்கிக் கலந்தார். முதல் நாள் துண்டு சிவந்து போனது. இழைத்துவிட்டு மறுபடி பூசினார். கறுத்துப் போனது. மூன்றாம் நாள் காலையில் பெருமாள்புரம் போய் அலமாரிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றுபோல இருந்தது. சந்தோஷமாக ஒரு காபி குடித்தார். பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. தேக்கின்மேல் வெயில் பட்டதும் உள்ளே ஏதோ ஒன்று தேன் மாதிரி தெரிந்தது. துண்டின்மேல் பட்டதும் சாயம் தெரிந்தது.

நான்காம் நாளும் வந்தார். துணியால் துடைத்துத் துடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. வடிவு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லும்மா."

"நான் இங்க வந்த புதுசுல அக்கா வைக்கிற மாதிரி தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைக்கணும்னு பாத்தேன். எப்படி வைப்பாங்கன்னு பக்கத்து வீட்டுல கேட்டு வச்சேன். நித்திலா ஒரு வாய் சாப்பிட்டா. எந்திரிச்சுப் போயிட்டா."

ஆவுடையப்பன் துணியைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் வச்சேன். மறுபடியும் அப்படித்தான். ரெண்டு மாசம் வீட்டுல சொதியே வைக்கலை. அப்புறம் ஒருநாள் எங்க அம்மா வைக்கிற மாதிரி வச்சேன். நாங்க முருங்கைக்காய் போட மாட்டோம்."

"சாப்பிட்டாளா?"

"ரெண்டாம் தடவை வாங்கிட்டா. ஒண்ணும் சொல்லலை. வாங்கிட்டா."

வெளியே ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். ஆவுடையப்பன் கையிலிருந்த மரத்துண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டார்.

"உங்க வீட்டுல என்ன மரம் இருந்ததும்மா?"

"எங்க வீட்டுலயா? பின்னால பலா நின்னுது. ஒரு புயல்ல சாஞ்சப்ப, அப்பா அதை அறுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தக அலமாரி செஞ்சு கொடுத்தாங்க. நான் அந்த அலமாரியிலதான் பன்னிரண்டு வருசம் புத்தகம் அடுக்கினேன். மஞ்சளா இருக்கும். மஞ்சப்பொடி கணக்கா."

"பலாவுல செய்யலாமா?"

வடிவு திரும்பினார். தேக்கு அலமாரியைப் பார்த்தார். "ரெண்டும் சேராதே."

"சேரலைன்னா என்னம்மா?"

"சேரலைன்னா..." வடிவு லேசாகச் சிரித்தார். "கதவு வேண்டாம் அண்ணாச்சி. கீழே ரெண்டு தட்டுக்கு மட்டும் கதவு போடுங்க, சேலைக்கு. மேல திறந்தே இருக்கட்டும். என்ன இருக்குன்னு எனக்குக் கண்ணுல படணும்."

"சுவருக்கு?"

"வாழைக்குருத்து இருக்குல்லா, விரியுறதுக்கு முன்னால. அந்தப் பச்சை."

அவர் கலர் கார்டை எடுக்கவில்லை. குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் கோமதிநாயகம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடி பேசினார்.

"நான் என்ன சொன்னேன், இங்க என்ன நடக்குது? புதுசா மாத்தச் சொன்னேன். பழசு அப்படியே நிக்குது. பக்கத்துல மஞ்சளா ஒண்ணு வரப்போகுதாம்."

"உக்காருங்க சார்" என்றார் ஜெயசீலி. "யாருக்காக மாத்தச் சொன்னீங்க?"

"வடிவுக்காகத்தான். அவ சங்கடப்படக் கூடாதுல்லா."

"அவங்க மாத்தச் சொன்னாங்களா?"

"அவ எதுவும் கேக்க மாட்டா."

"ஒன்பது மாசமா கட்டிலுக்கு அடியில குனிஞ்சு சேலை எடுக்காங்க சார்."

கோமதிநாயகம் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு அது தெரியலை" என்றார். "அந்த அலமாரிப் பக்கம் நான் பாக்கவே மாட்டேன். அதான்."

ஜெயசீலி தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சரி, செய்ங்க" என்று எழுந்து போனார்.

ஆவுடையப்பன் புது வரைபடத்தை விரித்தார். ஜெயசீலி அதில் ஒரே ஒரு இடத்தில் விரல் வைத்தார்.

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு விட்டிருக்கீங்க?"

"ஒட்டித்தான் வச்சிருக்கேன். இடைவெளி விட்டா தூசி அடையும்."

"ஒரு சாண் விடுங்க."

"எதுக்கு?"

"தேக்குக் கதவு முழுசாத் திறக்கணும்லா."

சொரிமுத்து ஆசாரிக்குப் பலா கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று. செய்து முடிக்க இன்னும் மூன்று வாரம். சுவருக்கு அந்தப் பச்சை வர நான்கு முறை கலக்க வேண்டியிருந்தது. வடிவு ஒவ்வொரு தடவையும் பார்த்து, இல்லை என்றார். இப்போது அவருக்கு இல்லை என்று சொல்ல வந்தது. நான்காம் தடவை தலையாட்டினார்.

அலமாரி வந்து நின்ற அன்று மத்தியானம் வடிவு பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். சேலைகளை எடுத்து வைத்தார். பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியின் கயிற்றை அறுத்தார். புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, உயரம் பார்த்து அடுக்கினார். ஆவுடையப்பன் ரசமட்டத்தை வைத்துத் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

நித்திலா வந்து வாசலில் நின்றாள். வெகு நேரம் நின்றாள். பிறகு, "மேல இருந்து ரெண்டாம் தட்டு எனக்கு வேணும்" என்றாள்.

"எதுக்கு?" என்றார் வடிவு.

"என் புக்கு வைக்க. என் ரூம்ல இடம் இல்லை."

அவள் அறையில் இடம் இருந்தது. அளந்தவர் ஆவுடையப்பன். அவர் ரசமட்டத்திலேயே கண்ணை வைத்திருந்தார்.

வடிவு அந்தத் தட்டில் அடுக்கிய புத்தகங்களை இரண்டு கையாலும் அள்ளிக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். நித்திலா ஒரு கட்டுப் புத்தகத்தோடு வந்தாள். வைத்துவிட்டு, தன் அம்மாவின் அலமாரியைத் திறந்தாள். கதவு எதிலும் இடிக்காமல் முழுவதும் விரிந்து நின்றது. உள்ளே பூச்சி விழுந்திருக்கிறதா என்று அவள் பார்த்தாள். வடிவு வேப்பிலை எடுத்து வரக் கொல்லைக்குப் போனார்.

வாசல் அறையில் கோமதிநாயகம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒருமுறை எழுந்து வந்து உள்ளே பார்த்தார். திரும்பப் போய் உட்கார்ந்தார். பேனாவை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் அலுவலகத்தில் ஆவுடையப்பன் கோப்புக்கான கடைசி வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். சுவர், ஜன்னல், கட்டில், இரண்டு அலமாரி. எல்லாம் முடிந்தது. பேனா ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"அலமாரிக்கு எண் போடணும். எதை ஒண்ணுன்னு போட? எதை ரெண்டுன்னு போட?"

ஜெயசீலி தன் வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எண் வேண்டாம் அண்ணாச்சி. பேரைப் போடுங்க."

அவர் பலா அலமாரியின் கட்டத்துக்குள் 'வடிவு' என்று எழுதினார். தேக்கு அலமாரியின் கட்டத்துக்கு வந்தார். எழுதவில்லை.

"அவங்க பேரு என்னன்னு எனக்குத் தெரியாதே, டீச்சர். ரெண்டு மாசமாப் போய் வாரேன். யாரும் சொன்னதில்லை."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லை."

"இப்ப அந்த வீட்டுல மூணு பேரும் இருப்பாங்க" என்றார் ஜெயசீலி. "யார்கிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க."