ஏழில் வைக்கவா, பத்தில் வைக்கவா?

காற்றில் விமானம் ஆட்டம் கண்டதும் தணிகாசலம் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் வெட்டி இழுத்தார். இரண்டாவது முறையாகப் பயிற்சியாளர் பெனாசிர் குறுக்கிட்டு, தானே விமானத்தைத் தரையிறக்கினார்.

"உங்களைத் தனியா அனுப்பலாமா, இல்ல இதோட நிறுத்திக்கலாமான்னு சாயங்காலம் சொல்றேன் சார்."

பெனாசிருக்கு முப்பது வயது. தணிகாசலத்துக்கு ஐம்பத்தொன்று. டயர்க் கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை தனியாகப் பறந்துவிட வேண்டும் என்று வந்தவர்.

"அதுக்கு முன்னாடி என் வீட்டுக்கு ஒரு நடை வாங்க மேடம்," என்றார்.

வீட்டில் ஓர் அறை முழுக்க, தரையிலிருந்தே பறந்து பழகும் சிமுலேட்டர். பெரிய திரை. விமானம் சாய்ந்தால் கூடவே சாயும் மோட்டார் நாற்காலி. நீளமான வயரின் நுனியில் ஒரு குமிழ். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். திருப்பினால் காற்று குலுக்கும்.

"கீழ் வீட்டுக்காரங்க, நாங்க நாள் பூரா மாவு அரைக்கிறோம்னு நினைச்சிட்டிருக்காங்க," என்றாள் அவர் மனைவி சுலோச்சனா.

தணிகாசலம் சிரிக்கவில்லை. குமிழைப் பத்தில் வைத்தார். நாற்காலி தடதடத்தது. பிசகில்லாமல் தரையிறக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா? இங்க வருது, மேல வரமாட்டேங்குது. எண்ணுலதான் ஏதோ தப்பு. நிஜம் மாதிரி இருக்கணும்னா ஏழில் வைக்கவா, பத்தில் வைக்கவா?"

பெனாசிர் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, வயரோடு இழுத்துக்கொண்டுபோய், அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற சுலோச்சனாவிடம் கொடுத்தார்.

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பத் திருப்புங்க அக்கா."

"எவ்வளவு?"

"அது உங்க இஷ்டம். அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

தணிகாசலம் கிளம்பினார். ஆயிரம் அடி. ஒன்றும் வரவில்லை. இரண்டாயிரம். வரவில்லை. பிடரி வியர்த்தது. பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஸ்டிக்கை இறுக்கினார். இறக்கை இடதுபக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் வெட்டி இழுத்தார், அந்தப் பக்கம் இன்னும் வேகமாகச் சாய்ந்தது. நாற்காலி அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. திரையில் தரை சுழன்று மேலே வந்தது.

"போதும் சுலோ, நிறுத்து!"

"நான் இன்னும் அதைத் திருப்பவே இல்லீங்க."

திரை கறுத்தது. நாற்காலி நின்றது. அவர் கை மட்டும் ஸ்டிக்கை விடவில்லை.

"அப்ப... ஆட்டினது?"

பெனாசிர் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"பிடிக்க ரெண்டு விரல் போதும் சார். மிச்சம் எட்டையும் வீட்டுல வெச்சிட்டு, காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க."