ஏழாம் எண் கோப்பைக்கு எத்தனை மார்க்?

இந்தப் புதிருக்கு விடை உண்டு. ஆனால் விடையைக் கண்டுபிடித்த யாரும் இதுவரை சந்தோஷப்பட்டதில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

புதுச்சேரியில் அருளப்பன் என்று ஒருவன் சிறிய பீர் ஆலை வைத்திருந்தான். அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஸ்காட்ச் ஏல் என்ற பீர் வகை. கருஞ்சிவப்பு நிறம், நாக்கில் முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் இனிப்பு, சாதாரண பீரைவிட இரண்டு பங்கு வீரியம். மற்றவர்கள் வறுத்த மால்ட்டைக் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவருவார்கள். அருளப்பன் மாட்டான். முதலில் வடிகிற மால்ட் சாற்றைத் தனியே ஓர் அகன்ற அண்டாவில் ஊற்றி, அதிரசப் பாகுபோலக் கெட்டியாகும்வரை காய்ச்சி, மீதிச் சாற்றோடு சேர்ப்பான். அடிப்பிடிக்கப் போகிறது என்னும்போது அடுப்பை அணைப்பான். அந்த வாசனை வேறு யாருடைய பீரிலும் வராது.

அவன் மனைவி மரிஸ்தெல்லா ருசி பார்ப்பதில் பெயர் போனவள், வருஷா வருஷம் பீர் போட்டியில் நடுவர். அங்கே கோப்பைகளில் எண் மட்டும்தான் இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். கோப்பையில் இருப்பது யாருடையது என்று ஒரு நடுவருக்குத் தெரிந்துவிட்டால், தன் மார்க் தாளைக் கொடுப்பதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் மார்க் கணக்கில் சேராது. சொல்லாமல் மறைத்தால் அந்தக் கோப்பையே போட்டியை விட்டு விலக்கப்படும். தெரிந்த உடனே எழுந்துவிடுவது நடுவர்களின் பழக்கம். மரிஸ்தெல்லா அதற்கும் ஒருபடி மேலே போய், புருஷனின் ஏல் வருகிற மேசைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள். அதற்காக அவன் அவளைச் சீண்டுவான்.

"ஊரான் பீருக்கெல்லாம் மார்க் போடற. எனக்கு ஒரு தடவ போடேன். பொண்டாட்டி மார்க் வேணாம், ஜட்ஜ் மார்க்."

"போட்டா அழுவீங்க," என்பாள்.

போன வருஷம், ஏல் நொதிக்க ஈஸ்ட் போட்ட அன்று சாயங்காலமே அவனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டான்.

"டேங்க்ல இருக்கறது போட்டிக்குப் போகணும். பாவம்னு ஒருத்தனும் மார்க் போடக் கூடாது. நீ உண்மையா ஒரு மார்க் போடு ஸ்தெல்லா."

சரி என்றாள். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது? மறுநாள் போய்விட்டான்.

ஆலையை அவன் தம்பி சவரிராயன் பார்த்துக்கொண்டான். ஏல் பல மாதம் குளிரில் கிடந்து பக்குவப்பட்டது. போட்டி வந்ததும், "இந்த வருஷம் அனுப்பல அண்ணி, சரியா வரல," என்று அவளிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டான். பரிசு வாங்கி அண்ணி கையில் கொடுத்து அசத்த வேண்டும் என்று ஆசை. நல்ல மனசுதான், புத்திதான் போதவில்லை. அவளும் அவன் பேச்சை நம்பி ஸ்காட்ச் ஏல் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். தலைமை நடுவர் குணசீலனும் பெங்களூர்க்காரர் ஒருவரும் உடன் இருந்தார்கள்.

ஏழாம் எண் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். அருளப்பனின் பாகு. ஒரு வாய் குடித்தாள். நாக்கில் படும்வரை எல்லாம் அவன் கைவேலை. விழுங்கியதும் தொண்டையில் சாராயம்போல ஓர் எரிச்சல். ஈஸ்ட் போட்ட முதல் சில நாள் டேங்கைக் குளிர்ச்சியாக வைத்திருக்காவிட்டால் அப்படி ஆகும். அந்தச் சில நாள் சாவு வீட்டு நாட்கள். டேங்க் சூடேறியதை யார் பார்த்தார்கள்? எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவளும்தான்.

எழுந்தால் மற்ற இருவருக்கும் அது யாருடையது என்று தெரிந்துவிடும். இருவரும் சாவுக்கு வந்தவர்கள். இரக்கத்தை அள்ளிக் கொட்டிவிடுவார்கள். உட்கார்ந்திருந்தால் விதியை மீறியவளாவோம் என்று தோன்றியது. அவள் உட்கார்ந்திருந்தாள். மார்க் கோப்பைக்குத்தான், அதைச் செய்த கைக்கு இல்லை என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டு, ஐம்பதுக்கு முப்பத்தொன்று போட்டாள். நடுவர்கள் ஒரு வாய் பார்த்துவிட்டு மீதியை வாளியில் கொட்டுவது வழக்கம். ஏழாம் எண்ணை மட்டும் மற்ற இருவரும் கொட்டவில்லை, கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். அவள் தாளை மடித்துக் கொடுத்தாள்.

ஏழாம் எண்ணுக்கு இரண்டாம் பரிசு. அருளப்பன் பெயரைப் படித்தபோது அவளால் தாங்க முடியவில்லை. சபை நடுவே உடைந்து அழுது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"தெரிஞ்சதும் எழுந்திருக்கணும்மா. இப்ப நான் இன்னா பண்றது?" என்றார் குணசீலன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏழாம் எண்ணை விலக்கினார்.

"உக்காந்ததுதான் உக்காந்தீங்க, நாலு மார்க் கூடப் போட்டிருக்கலாம் இல்ல அண்ணி?" என்றான் சவரிராயன்.

"அவரு கேட்டது உண்மைய," என்றாள் மரிஸ்தெல்லா. "அதத்தான் போட்டேன்."

குணசீலன், சவரிராயன், மரிஸ்தெல்லா. இந்த மூவரில் யார் சொன்னது சரி? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: மூவர் சொன்னதும் சரியில்லை. உடனே எழுந்திருப்பது பழக்கம்தான், விதியல்ல. மற்ற இருவரும் எழுதி முடிக்கும்வரை பேசாமல் இருந்து, தன் தாளைக் கொடுக்கும் முன் அவள் வாய் திறந்திருந்தால் போதும். இரக்கத்துக்கும் வழி இருந்திருக்காது, விதியும் நின்றிருக்கும். அவளிடமிருந்து உண்மையாக ஒரு மார்க் கேட்டான் அருளப்பன். அது கணக்கில் சேர வேண்டும் என்று கேட்கவில்லையே. அவளுடையதைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டு தாள்களின் சராசரியை மட்டும் எடுத்தால், இரக்கம் ஒரு துளியும் கலக்காமல் முதல் பரிசு அவனுக்குத்தான். இதைக் குணசீலன் அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், வாய் திறக்கவில்லை. நீங்களும் விடையைக் கண்டுபிடித்திருந்தால், தயவுசெய்து மரிஸ்தெல்லாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.